கீழே நிற்கும் ஆறு பேர்

மனைவி இறந்த இருபத்து மூன்றாம் நாள், மாலை ஐந்து மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். லிஃப்ட் மெக்கானிக் எழுந்துபோய்த் திறந்தார். வாசலில் நான்கு பிள்ளைகள், கையில் நோட்டும் பென்சில் டப்பாவுமாக. முன்னால் நின்றவள் இரண்டாம் மாடிச் சிறுமி, நாலாம் வகுப்பு. எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டிருப்பதால் அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் சுண்டெலி. அவளுக்குப் பின்னால் மூன்றாம் வகுப்பு இரட்டையர், ஒருவன் காலை ஒருவன் மிதித்துக்கொண்டு. கடைசியாக, சாக்ஸ் ஒன்று குதிகாலுக்கு இறங்கிப்போன ஒரு குட்டிப் பெண்.

“கணக்குக்கு வந்திருக்கோம் மாமா,” என்றாள் சுண்டெலி.

“அத்தை இல்லையேம்மா.”

“தெரியும் மாமா. ஆனா கணக்கு இருக்கே.”

போங்கள் என்று சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவரிடம் அது இல்லை. கதவிலிருந்து விலகி நின்றார். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், சாப்பாட்டு மேசையைச் சுற்றி அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். யாருக்கு எந்த நாற்காலி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத்தான் தெரியவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். நாலு மணிக்கு வேலை முடியும். ஐந்திலிருந்து ஆறுவரை கட்டடத்துப் பிள்ளைகளுக்கு வாழ்க்கைக் கணக்கு சொல்லித் தருவாள். வெறும் கூட்டல் கழித்தல் பிள்ளைகளுக்கு வந்துவிடும். அதையே ஒரு கதையாக எழுதி, ‘ஒருவரிடம் இத்தனை இருந்தது, இன்னொருவர் இத்தனை கொடுத்தார்’ என்று கேட்டால் அதே பிள்ளைகள் பேந்தப் பேந்த விழிப்பார்கள். அந்தக் கதைக் கணக்கு மட்டும்தான் அவள் பாடம். பிள்ளைகள் அவளைக் கணக்கு அத்தை என்றார்கள். அவருக்கும் அவளுக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி அலுத்து, பேசாமல் இருக்கவும் பழகியிருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வாடிக்கையாளர் ஒருவரின் மூக்கில் புதுக் கண்ணாடியைப் பொருத்தி, இரண்டு காதிலும் மட்டமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள், “தலை வலிக்குது” என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். அவர் அப்போது ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்டுக்கு அடியில், குழிக்குள் இறங்கி ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். செல்போன் மேலே பையில் கிடந்தது. ஏறி வந்து பார்த்தபோது ஒன்பது அழைப்புகள் தவறியிருந்தன.

அவர் அழவில்லை. ஆஸ்பத்திரியில் அழவில்லை, அப்புறமும் அழவில்லை. பிடித்துவைத்துக்கொண்டும் இல்லை. உள்ளே போய்த் தேடினாலும் ஒன்றும் அகப்படவில்லை, அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் “கல்லு மாதிரி நிக்கறான் பாரு” என்று அவர் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள். ஏழாம் நாள் வேலைக்குப் போனார். கொஞ்ச நாளைக்கு என்று நாலு மணிக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரேக் இடைவெளியை மில்லிமீட்டர் பிசகாமல் சரிசெய்தார். வீட்டுக்கு வந்தால் டீ போட்டு, அது ஆறி ஆடை படிந்ததும் குடித்தார். குளியலறைக் கோப்பையில் இரண்டு பல்துலக்கிகள் இருந்தன. ஒன்றை எடுத்துப் போடக் கூடாது என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. கை அந்தப் பக்கம் போகவில்லை.

“சரி, என்ன கணக்கு?” என்று கேட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு இருந்தவை எளிய கணக்குகள். அவர் தன் பள்ளியில் கற்ற குறுக்குவழியைச் சொல்லித் தந்தார்.

“இதுல பாருங்க. ‘மொத்தம்’னு வந்தா கூட்டணும். ‘அதிகம்’னு வந்தாலும் கூட்டணும். ‘மீதி’ன்னு வந்தா கழிக்கணும். ‘ஒவ்வொருவருக்கும்’னு வந்தா பெருக்கல், இல்லன்னா வகுத்தல். முழுசாப் படிக்கவே வேணாம். அந்த வார்த்தையைக் கண்டுபிடிச்சாப் போதும்.”

இரட்டையர்களுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. சுண்டெலி மட்டும் பென்சில் முனையைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: “அத்தை இப்படிச் சொல்ல மாட்டாங்க.”

“எப்படிச் சொன்னா என்ன, விடை வந்துச்சுல்ல?”

வந்தது. இரண்டு வாரம் அப்படியே வந்தது. பிள்ளைகள் ஐந்து மணிக்கு வந்து ஐந்தரைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய அக்கா வெளியூரிலிருந்து போன் செய்வாள்.

“சாப்பிட்டியா?”

“ம்.”

“அழுதியாடா?”

“இல்லக்கா.”

“அழுதுடுடா. உள்ளயே வெச்சா உடம்புக்கு ஆகாது.”

“வந்தா அழமாட்டேனாக்கா?”

அக்கா அதற்கு மேல் பேச்சை வளர்க்கமாட்டாள். மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்கும். தனக்கும் சேர்த்து அவளே அழுகிறாள் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

மூன்றாவது வாரம் சுண்டெலியின் அம்மா படியேறி வந்தாள். ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவில் நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்ததால் கழுத்தில் அடையாள அட்டை அப்படியே தொங்கியது. லிஃப்ட் இல்லாத கட்டடம் அது. லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்குப் போகவேண்டுமானால் நாலு மாடி ஏற வேண்டும் என்பது அங்கே பழைய ஜோக். மூச்சு வாங்கிக்கொண்டே கையில் இருந்த தாளை நீட்டினாள்.

“அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இவ வகுப்புப் பரீட்சையில பத்துக்கு மூணு. எப்பவும் எட்டுக்குக் குறையாம வாங்குவா.”

அவர் தாளைப் பார்த்தார். ‘அக்காவிடம் 12 ஸ்டிக்கர்கள் உள்ளன. இது தங்கையிடம் இருப்பதைவிட 5 அதிகம். தங்கையிடம் உள்ள ஸ்டிக்கர்கள் எத்தனை?’ சுண்டெலி 17 என்று எழுதியிருந்தாள். ‘அதிகம்’ என்று இருந்தது. கூட்டிவிட்டாள்.

“நான்தான் சிஸ்டர் அப்படிச் சொல்லித் தந்தேன்.”

“தெரியும்ணா. அவளும் சொன்னா.” கொஞ்சம் தயங்கினாள். “உங்க நிலைமை எனக்குப் புரியாம இல்ல. இதுங்க கூட்டமா வந்து உங்களைத் தொந்தரவு பண்ணுதுங்கன்னும் தெரியும். முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க, நான் வேற இடம் பாத்துக்கறேன். ஆனா ஏனோதானோன்னு சொல்லித்தர வேணாம். தெரியாதது கூடப் பரவாயில்லண்ணா. தப்பாத் தெரிஞ்சா அப்புறம் மாத்தறது கஷ்டம்.”

முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாளே என்று அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கமாவது வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. அவள் சொன்னது சரி என்று மட்டும் தோன்றியது. பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் எப்படிச் சரியோ அப்படி.

மறுநாள் பிள்ளைகள் வந்ததும் கேட்டார்: “அத்தை எப்படிச் சொல்லித் தருவாங்க?”

நாலு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். “முதல்ல பென்சிலைக் கீழ வைக்கணும்!” “நம்பரைக் கட்டைவிரலால மறைச்சுக்கணும்!” “அப்புறம் கதை சொல்லணும் மாமா.”

“என்ன கதை?”

“கணக்குல இருக்கற கதைதான். யாரு இருக்காங்க, என்ன நடந்துச்சு, நம்மகிட்ட என்ன கேக்கறாங்க. புக்கைப் பாக்காமச் சொல்லணும். சொல்லத் தெரிஞ்சவங்களுக்குத்தான் பென்சில்,” என்றாள் சுண்டெலி. “நடிச்சும் காட்டுவாங்க. ஒரு தடவை அத்தை பஸ்ஸா நடிச்சாங்க.”

“பஸ்ஸாவா?”

“ஆமா, ஹாரன்லாம் அடிச்சாங்க.” இரட்டையர்களில் ஒருவன் அடித்துக் காட்டினான்.

பதினாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவள். அவள் பஸ்ஸாக நடித்து அவர் பார்த்ததில்லை.

அன்று ஸ்டிக்கர் கணக்கையே எடுத்துக்கொண்டார். பென்சில்கள் கீழே போயின. சுண்டெலி அக்கா, சாக்ஸ் இறங்கிய குட்டிப் பெண் தங்கை. எண்களே இல்லை. யாரிடம் அதிகம்? அக்காவிடம். அப்படியென்றால் தங்கையிடம்? “கம்மி,” என்றாள் குட்டிப் பெண், நிஜமாகவே முகம் வாடி. சுண்டெலி தன் நெற்றியில் தட்டிக்கொண்டாள். “அய்யோ மாமா! தங்கச்சிக்கிட்ட கம்மியாத்தானே இருக்கணும்! பதினேழு எப்படி வரும்?”

ஒரு கணக்குக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. ஆறு மணி தாண்டியும் மூன்று கணக்குதான் முடிந்தது. ஆனால் அப்புறம் அப்படித்தான் நடந்தது. வேலையில் தினமும் காலை ஆறுக்கே போய் நாலுக்குக் கிளம்ப சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டார். “எதுக்குய்யா?” என்றார் சூப்பர்வைசர். “பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித் தரணும் சார்.” “நீயா? போன மாசம் கேபிள் நீளத்தையே ரெண்டு தடவை தப்பா எழுதினவன்தானே நீ?” என்று சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று சட்டென்று நிறுத்திக்கொண்டார். மனைவி போனதிலிருந்து அவரிடம் எல்லோரும் பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தால் அவருக்கு மகிழ்ச்சி வந்துவிடவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் வேறு மனிதர்களின் பென்சில்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் ரயில் பயணங்களையும் பற்றி யோசிக்கலாம். அவற்றுக்கெல்லாம் விடை இருந்தது. ஆறு மணிக்குப் பிள்ளைகள் போனதும் மேசைமேல் ரப்பர் துகள்களைத் துணியால் கூட்டி எடுப்பார். அப்புறம் அடுத்த நாள் ஐந்து மணிவரை ஒன்றுமில்லை.

பருவத் தேர்வு வந்தது. அது முடிந்து ஒரு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, சுண்டெலி தனியாக வந்தாள். வாயில் எதையும் கொறிக்கவில்லை. விடைத்தாளை மேசையில் விரித்து ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

“மாமா, இதைப் பாருங்க.”

‘ஒரு லிஃப்டில் ஒரே சமயத்தில் 8 பேர் செல்லலாம். கீழ்த்தளத்தில் 30 பேர் காத்திருக்கிறார்கள். அனைவரும் மேலே செல்ல லிஃப்ட் எத்தனை முறை செல்ல வேண்டும்?’

சுண்டெலி 30-ஐ 8-ஆல் வகுத்திருந்தாள். ஈவு 3, மீதி 6. அதற்குக் கீழே ‘விடை: 4 முறை’ என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் ‘3, மீதி 6’ என்று சிவப்பிலேயே திருத்தம்.

“நான் கதை சொல்லிப் பாத்துட்டுதான் மாமா எழுதினேன். மூணு தடவை போனா இருபத்து நாலு பேர். அந்த ஆறு பேர் இன்னும் கீழயே நிக்கறாங்க. அவங்களுக்கு ஒரு தடவை போகணும்ல?”

“போகணும்.”

“மிஸ் மீதி ஆறுன்னு போடணும்ங்கறாங்க. அப்படிப் போட்டா அவங்க என்ன மாமா பண்ணுவாங்க?”

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் சூடாகிக்கொண்டு வந்தது. முதலில் அது என்னவென்றே அவருக்கு விளங்கவில்லை. காய்ச்சலோ என்று நினைத்தார். அப்புறம்தான் புரிந்தது, அது எரிச்சல். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக ஏதோ ஒன்று உறைத்தது. அதுவும் நாலாம் வகுப்புக் கணக்கில்.

“இந்தத் தாளை இன்னைக்கு நான் வெச்சுக்கறேன்,” என்றார். “அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

மறுநாள் மதியம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனார். கையில் கிரீஸ் கறை, சட்டையில் கம்பெனிப் பெயர். வாசலில் இருந்த காவலாளி லிஃப்ட் ரிப்பேர் என்று நினைத்து, “இங்க மாடியே ஒண்ணுதான் சார்,” என்றார்.

ஆசிரியை காலி வகுப்பறையில் இருந்தாள். முப்பது வயது இருக்காது. ஒரு கையில் கடித்த ரொட்டித் துண்டு, இன்னொரு கையில் சிவப்புப் பேனா. இரண்டு பக்கமும் நோட்டுகள் அவள் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. சுண்டெலியின் அம்மா ஒருவர் வருவார் என்று மட்டும் முன்கூட்டியே போனில் சொல்லியிருந்ததால் அவரை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்த நாற்காலி பிள்ளைகளுடையது. முட்டி நெஞ்சில் இடித்தது.

அவர் தாளை நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள்.

“விடைக்குறிப்புல அப்படித்தான் சார் இருக்கு. வகுத்தல் பாடத்துல வர்ற கணக்கு. ஈவு, மீதி ரெண்டும் எழுதணும். அவ ரெண்டையும் கண்டுபிடிச்சிட்டு கடைசில நாலுன்னு போட்டுட்டா.”

“எத்தனை தடவைன்னுதானே டீச்சர் கேள்வி? நாலு தடவைதான் போகணும்.”

“புரியுது சார். ஆனா குறிப்புல…”

“டீச்சர், நான் பத்தொன்பது வருஷமா லிஃப்ட் வேலை பாக்கறேன். எட்டுப் பேர் லிஃப்ட்னா ஐநூத்தி நாப்பத்து நாலு கிலோ. ஒன்பதாவது ஆள் ஏறினா மணி அடிக்கும், கதவு மூடாது. முப்பது பேர் நின்னா நாலு தடவை. மூணு, மீதி ஆறுன்னு ஒரு லிஃப்ட் ஓடவே ஓடாது. மூணே முக்கால்னும் ஓடாது. அந்த ஆறு பேர் என்ன ஆனாங்க? கீழ நின்னு பட்டனை அமுக்கிட்டு இருக்காங்க. லிஃப்ட் வருதான்னு மேலயே பாத்துட்டு இருக்காங்க. அவங்களை மீதின்னு எழுதி வெச்சுட்டு அடுத்த கணக்குக்குப் போயிடுவீங்களா?”

குரல் உயர்ந்துவிட்டது. அவருக்கே அது கேட்டது, பக்கத்து அறையில் யாரோ கத்துவது போல. நிறுத்த நினைத்தார், முடியவில்லை.

“அவ யோசிச்சிருக்கா டீச்சர். ஒன்பது வயசுப் பொண்ணு, அந்த ஆறு பேரையும் யோசிச்சிருக்கா. அதுக்குப் போய்த் தப்புப் போட்டா, அப்புறம் எதுக்கு யோசிப்பா? வார்த்தையைப் பாத்துட்டுக் கூட்டிக் கழிச்சுட்டுப் போயிடுவா. யோசிக்கச் சொல்லித் தந்ததெல்லாம் வீணாப் போயிடும்.”

ஆசிரியை ரொட்டியைக் கீழே வைத்தாள். கோபித்துக்கொள்ளவில்லை.

“அவங்க அப்பாவா சார் நீங்க?”

“இல்ல. மேல் வீடு.”

“நீங்கதான் சொல்லித் தந்தீங்களா?”

“நான் இல்ல. என் மனைவி. அவதான் அந்தப் பிள்ளைங்களுக்கு…” கையிலிருந்த கிரீஸ் கறையைத் தேய்த்தார். “அவ செத்துப்போயிட்டா.”

அந்தச் சொல்லை அதுவரை அவர் சொன்னதில்லை. மற்றவர்கள் தவறிட்டாங்க என்றார்கள், போயிட்டாங்க என்றார்கள். அவர் எதுவுமே சொல்லாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். இப்போது முன்பின் தெரியாத ஒருத்தியிடம், குட்டி நாற்காலியில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சொல்லிவிட்டார். சொன்ன பிறகும் வகுப்பறை அப்படியே இருந்தது. சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு தொங்கியது. வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

ஆசிரியை எழுந்து போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“நாலு பிரிவு சார் எனக்கு. நூத்தித் தொண்ணூறு தாள். குறிப்பைப் பாத்துட்டே திருத்திட்டு வந்தேன். மீதின்னு பாத்ததும் மீதின்னு எழுதிட்டேன். நானும் யோசிக்கல.” தாளை எடுத்துச் சிவப்புப் பெருக்கல் குறியைக் கோடிட்டு அடித்தாள். சரி என்று குறியிட்டு, கையெழுத்துப் போட்டாள். “இவளை மாதிரி இன்னும் நாலஞ்சு பேர் நாலுன்னு எழுதியிருந்தாங்க. தேடி எடுத்து மாத்திடறேன். குறிப்பு அனுப்பினவங்களுக்கும் எழுதறேன். கேப்பாங்களான்னு தெரியாது.”

“சரிங்க டீச்சர்.” எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அவர் அதைக் கழற்றி வைத்தார். “கத்திட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

“பரவாயில்ல சார். கணக்குக்காக யாரும் இங்க வந்து கத்தினதில்ல. மார்க்குக்காகத்தான் கத்துவாங்க.”

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார். இப்போது அழுகை வரும் என்று நினைத்தார். வரவில்லை. பசித்தது. பக்கத்துக் கடையில் இரண்டு பன் வாங்கி நின்றபடியே தின்றார். இனிப்பாக இருந்தது. பன் இனிக்கும் என்பதையே மறந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வழக்கம்போலக் கேட்டாள்: “அழுதியாடா?”

“இல்லக்கா. சண்டை போட்டேன்.”

“யாரோட?”

“ஸ்கூல் டீச்சரோட.”

“உனக்கு ஏதுடா ஸ்கூல்?” அக்கா திகைத்துப்போனாள். எல்லாவற்றையும் சொன்னார். முப்பது பேர், எட்டுப் பேர், ஆறு பேர். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏன்டா, அந்த ஆறு பேரும் படி ஏறிப் போகக் கூடாதா?” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்கா பாதியில் நிறுத்தவில்லை.

சுண்டெலியின் மதிப்பெண் பத்துக்கு ஒன்பது ஆயிற்று. அவள் அம்மா ஒரு மாலை வந்து வாசலிலேயே நின்று, “அண்ணா, அன்னைக்கு நான் கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன்,” என்றாள். “சரியாத்தான் பேசினீங்க சிஸ்டர்,” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த மாதம் முதல் மாடியிலிருந்தும் பக்கத்துக் கட்டடத்திலிருந்தும் மூன்று பேர் கூடுதலாக வந்தார்கள். நாற்காலி போதவில்லை. கட்டிலை இழுத்து மேசையோரம் போட்டார். வருஷம் முடியும்வரை ஒரு நாளும் தவறவில்லை. ஒரு தடவை, ஏழு பேரும் கெஞ்சியதால், ரயிலாக நடித்தார். அவ்வளவு நன்றாக வரவில்லை என்று பிள்ளைகள் ஒளிக்காமல் சொன்னார்கள்.

முழுப்பரீட்சை முடிந்து விடுமுறை விட்டார்கள். முதல் நாள் ஐந்து மணிக்கு அவர் மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். கீழே சுண்டெலி யாருடனோ ஓடிப்பிடித்து விளையாடும் சத்தம் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. ஐந்தே கால் ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. ஜன்னல் வெளிச்சம் மேசையின் பாதியைத் தாண்டி அந்தப் பக்கம் நகர்ந்தது. தினமும் இந்த நேரத்தில் அவள் இங்கேதான் உட்கார்ந்திருப்பாள், ஒவ்வொரு நாளும், இந்த வெளிச்சத்தில், தான் ஒரு நாள்கூட வந்து பார்த்ததில்லை என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. அடுத்த நொடி அவர் எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்துபோய்க் கழுவினார். மூன்றாம் தடவை குழாயைத் திறந்து விட்டுவிட்டு, சத்தம் வெளியே கேட்காது என்ற தைரியத்தில், தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். வாளி நிரம்பித் தரையில் வழிந்து கால் நனையும்வரை அழுதார்.

அப்புறம் தரையைத் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்காமல் தானே அக்காவுக்குப் போன் செய்தார்.

“அக்கா, கொஞ்ச நாள் வந்து இருக்கியா?”

அவள் ஏன் என்று கேட்கவில்லை. “நாளைக்கே வரேன்டா,” என்றாள். வந்தாள். நாலு மாடி ஏறியதற்குக் கட்டடத்தைக் கட்டியவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். அலமாரியிலிருந்த துணிகளை இரண்டு பேருமாக எடுத்து மடித்தார்கள். சிலவற்றை அக்கா பைக்குள் வைத்தாள், சிலவற்றை அவர் திருப்பி வாங்கி அலமாரியிலேயே வைத்தார். இடையில் அவருக்கு அழுகை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அக்கா துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். பல நாள் மறுபடியும் ஒன்றுமே இல்லாமல் மரத்துப்போய்க் கிடந்தார். அப்போதும் அக்கா அழுதியா என்று கேட்கவில்லை.

பத்து நாளில் போவதாக வந்தவள் பள்ளி திறக்கும்வரை இருந்துவிட்டாள். முதல் நாள் மாலை பிள்ளைகள் திமுதிமுவென்று படியேறி வந்தார்கள். சுண்டெலி ஐந்தாம் வகுப்பு ஆகியிருந்தாள். முன்பல் ஒன்று புதிதாக விழுந்திருந்தது. அக்காவும் ஒரு ஓரமாகக் கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். இரட்டையர்களில் ஒருவன் தன் புத்தகத்தை அவளிடம் நீட்டி, “பெரியம்மா, இதுக்கு விடை சொல்லுங்க பாப்போம்,” என்றான்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். ஒரு தோட்டம், அதன் நீளம், அகலம், சுற்றி நட வேண்டிய கம்பங்கள். விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். ஒரு விடை சொன்னாள். பிள்ளைகள் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். இன்னொன்று சொன்னாள். அதுவும் தப்பு.

“எனக்கு அப்பவே கணக்கு வராது,” என்று அக்கா புத்தகத்தை மூடப் போனாள். அவர் அதை வாங்கி, மேசைமேல் அவளுக்குப் பக்கத்தில் பிரித்து வைத்தார்.

“அவசரப்படாதக்கா. முதல்ல அந்தத் தோட்டத்துல யாரு இருக்காங்கன்னு சொல்லு.”

“தோட்டத்துல யாரும் இல்லையேடா.”

“அப்போ கம்பத்தை யாரு நடறது?” என்றாள் சுண்டெலி.

அக்கா யோசிக்க ஆரம்பித்தாள்.